முகம் திருப்பிய ரிலே

"நான் தொடவே தொடாத பிடியை நான்தான் திருப்பினேன்னு எப்படி சார் எழுதிக் குடுப்பேன்?"

கட்டுப்பாட்டு அறையில் எழுந்த இந்தக் கேள்விக்கு, வெளியே டிரான்ஸ்பார்மர்கள் நிற்கிற யார்டில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். அவள் குரல் அப்படி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. சப்ஸ்டேஷனில் அவளுக்கு சைரன் என்றுதான் பெயர். நேருக்கு நேர் கூப்பிட்டால்கூடக் கோபித்துக்கொள்ள மாட்டாள். இரும்புச் சட்டத்தின் உச்சியில் நிற்கிறவனுக்கு, கீழே டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டிருக்கும்போது, "அதைத் தொடாதே" என்று சொல்ல வேண்டிய வேலை அவளுடையது. அதைக் காதோடு காதாகச் சொன்னால் மறுநாள் அவனுக்கு மாலை வாங்க வேண்டியதுதான்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த நிலையத்தின் தலைமைப் பொறியாளர். அவருக்கும் பட்டப்பெயர் உண்டு: ஸ்கேல். அளக்கிற ஸ்கேல்தான். மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தால் பேச்சை நடுவில் நிறுத்தி, அதை நேராக்கிவிட்டுத்தான் மேலே பேசுவார். உலகத்தில் எல்லாமே வரிசையாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. பாவம், வரிசையாக நின்றே நாசமாய்ப் போனவை எத்தனையோ உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"நீங்க பதட்டத்துல கைதவறித் திருப்பிட்டீங்க. மனுஷங்கதானே? மன்னிப்புக் கேட்டு எழுதுங்க, சம்பள உயர்வை நிறுத்தி வெக்கறதோட முடிச்சுக்கலாம்" என்றார் ஸ்கேல். "எழுதலேன்னா சஸ்பென்ஷன். அப்புறம் வேலையே போனாலும் ஆச்சரியம் இல்ல."

நடந்தது இதுதான். பெரிய சப்ஸ்டேஷனிலிருந்து இரண்டு லைன்கள் இங்கே வருகின்றன. இரண்டும் கொண்டுவரும் மின்சாரம் பஸ் என்கிற ஒரே பொதுக் கம்பியில் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஊருக்குப் பிரிந்து போகிறது. ஒரு லைன் படுத்துவிட்டாலும் இன்னொன்று ஊரைத் தாங்கும். இரண்டு இருப்பதே அதற்காகத்தான். முந்தின நாள் மத்தியானம் கட்டட வேலைக்கு வந்த கிரேன் ஒன்று கழுத்தை நிமிர்த்தி முதல் லைன் கம்பியில் இடித்தது. ஓட்டியவன் எட்டிக் குதித்துப் பிழைத்தான். முதல் லைன் அறுந்தது, அது நியாயம். ஆனால் இரண்டாம் லைனும் அதே நொடியில் தானாகத் துண்டித்துக்கொண்டது. ஊர் முழுக்க இருண்டது. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் எழுந்து நிற்கும்வரை ஒரு ஆபரேஷன் டார்ச் வெளிச்சத்தில் நடந்ததாம். செய்தி மேலே போனது. மேலிருந்து கேள்வி கீழே வந்தது. கேள்விக்குப் பதிலாக ஒரு ஆள் தேவைப்பட்டது.

அந்த நேரத்து ஷிஃப்ட் சைரனுடையது. ஸ்கேல் கணக்குப் போட்டுவிட்டார். இரண்டாம் லைனின் ரிலே, அதாவது பழுது கண்டால் லைனைத் தானாகத் துண்டிக்கிற கருவி, அதைத் துண்டித்திருக்கவே முடியாது. ஆகவே பேனலில் துண்டிக்கிற பிடியைத் திருப்பியது இவள் கைதான்.

ஏன் முடியாது என்றால், அது திசை பார்க்கிற ரிலே. மின்சாரம் எவ்வளவு வருகிறது என்று மட்டும் அது பார்ப்பதில்லை, எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்க்கும். வாசல் காவல்காரனை வைத்துக்கொள்ளுங்கள். வாசல் வழியாக உள்ளே வருகிறவன் விருந்தாளி. அண்டா குண்டாவோடு வெளியே ஓடுகிறவன் திருடன். லைனிலிருந்து பஸ்ஸுக்கு மின்சாரம் உள்ளே வந்தால், அது எவ்வளவு வேகமாக வந்தாலும் இந்த ரிலே வாயைத் திறக்கக் கூடாது. பஸ்ஸிலிருந்து லைனுக்குள் மின்சாரம் பாய்ந்து ஓடினால், அந்த லைனில்தான் எங்கேயோ ஓட்டை. உடனே துண்டிக்க வேண்டும். கிரேன் இடித்த நொடியில், இரண்டாம் லைன் வழியாக வந்த மின்சாரம் பஸ்ஸைத் தாண்டி, முதல் லைனின் ஓட்டையை நோக்கி ஓடியது. ஆக, முதல் லைன் வாசலில் திருடன். இரண்டாம் லைன் வாசலில் விருந்தாளி. இரண்டாம் காவல்காரன் சும்மா இருந்திருக்க வேண்டும்.

ஆனால் சைரன் கண்ணால் பார்த்தாள். இரண்டாம் லைன் ரிலேயில் ஃபிளாக் விழுந்து கிடந்தது. ரிலே வேலை செய்தால் உள்ளேயிருந்து ஒரு சின்னச் சிவப்புத் தகடு கீழே விழும். நான்தான் துண்டித்தேன் என்று அது சொல்கிற சாட்சி அதுதான். அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் பொத்தானை அழுத்தி மேலே ஏற்ற வேண்டும் என்பது எல்லா நிலையத்திலும் உள்ள விதி. அவள் பெரிய சப்ஸ்டேஷனோடு போனில் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து ஓடிவந்த ஸ்கேல், கோணலாக ஒன்று தொங்குவதைப் பார்த்தார், போகிற போக்கில் பொத்தானை அழுத்தினார். சாட்சி மேலே போய்விட்டது. அது பழைய சப்ஸ்டேஷன். நடந்ததைப் பதிந்து வைக்கும் கருவி எதுவும் அங்கே இல்லை.

"ஃபிளாக்கா? நான் வந்தப்போ ஒண்ணுமே இல்லையே" என்றார் அவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் என்று அவரைத் திட்டலாம். ஆனால் அவருக்கே அது தெரிந்திருக்காது என்றும் தோன்றுகிறது. அவர் கை எதையாவது நேராக்கிக்கொண்டே இருக்கும். அதையெல்லாம் அவர் மூளைக்குச் சொல்லிவிட்டா செய்கிறது?

இரண்டாம் லைனை முந்தின நாளே மறுபடி ஏற்றிவிட்டார்கள். அன்று காலை முதல் லைனையும் இழுத்துக் கட்டிவிட்டார்கள். மின்சாரம் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

"சரி, கடிதம் அப்புறம். முதல்ல லைனை சார்ஜ் பண்ணுங்க."

"பண்ண மாட்டேன்."

"என்ன?"

"இரண்டாம் லைன் ரிலேவை யாராவது பாக்கறவரைக்கும் பண்ண மாட்டேன் சார். முதல் லைன்ல மறுபடி ஏதாவது பட்டா மறுபடி ரெண்டும் போகும். ஆஸ்பத்திரியும் போகும். அப்பவும் என் கைதான்னு சொல்வீங்க. இந்தக் கை நேத்து லைனைத் துண்டிக்கவும் இல்ல, இன்னைக்குச் சேர்க்கவும் சேர்க்காது."

"கொஞ்சம் மெதுவா பேசுங்க."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அந்த மூன்று வார்த்தைகள்மேல் அவளுக்கு ஏற்கெனவே ஒரு வருஷத்துக் கோபம் பாக்கி இருந்தது.

அண்ணன் வீட்டில் நாலு பேர் வந்திருந்த சமயம். சைரன் ஏதோ சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "கொஞ்சம் மெதுவா பேசேன். இது வீடு, யார்டு இல்ல" என்றாள். வந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், அதன்பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணியும் கூப்பிடவில்லை. நடுவில் அண்ணன், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற மாதிரி, இவளுக்குப் போனிலும் அண்ணிக்கு நேரிலுமாகச் சமாதானம் சொல்லி இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

விசாரணைக்காக ரிலேயைச் சோதித்துப் பார்க்க அன்றைக்கே வட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வருகிறார் என்றபோது, அது யார் என்று சைரன் கேட்கவே இல்லை. அந்த வட்டாரம் முழுவதற்கும் ரிலே சோதிக்கிற பொறியாளர் ஒரே ஒருவர்தான். அவளுடைய அண்ணி.

ஸ்கேல் முதலில் முகத்தைச் சுளித்தார், சொந்தக்காரியாயிற்றே. பிறகு அவர் காதில் யாரோ விஷயத்தைப் போட்டார்கள். நாத்தனாரும் அண்ணியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நடுநிலையா ஒருத்தங்க பாத்தா நல்லதுதான்" என்றார்.

அண்ணி ஜீப்பிலிருந்து சோதனைப் பெட்டியோடு இறங்கினாள். அறைக்குள் வந்தாள். ஸ்கேலுக்கு வணக்கம் சொன்னாள். சைரன் பக்கம் பார்க்கவே இல்லை. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் சைரனுக்குச் சுருக்கென்றது. போகட்டும், இவள் தயவில் ஒன்றும் நான் பிழைக்க வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணி ரிலேயை யார்டுக் கம்பிகளிலிருந்து பிரித்து, தன் பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தாள். ஒரு திசையில் கொடுத்தபோது உள்ளே தகடு சுழன்று, டக்கென்று துண்டிக்கிற சத்தம் கேட்டது. திசையை மாற்றிக் கொடுத்தாள். அசைவே இல்லை. மறுபடி கொடுத்தாள். மறுபடியும் அதே.

"ரிலே நல்லா இருக்கு" என்றாள்.

ஸ்கேல் வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார், அதன் ஓரத்துக்கு இணையாகப் பேனாவை வைத்தார்.

"எழுதுங்க."

அவள் தாளைப் பார்த்தாள். வீட்டுக் கடன் இருந்தது, படிக்கிற மகள் இருந்தாள். நாலு வரி எழுதினால் எல்லாம் அப்படியே இருக்கும். நாலே வரி. அவளால் முடியவில்லை. பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"ரிலே நல்லா இருந்தா இருக்கட்டும் சார். என் கையும் நல்லாத்தான் இருக்கு. வேலையை எடுத்துக்கணும்னா எடுத்துக்கோங்க. பொய்யை மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க, அது எங்கிட்ட இல்ல."

தாளை எடுத்து இரண்டாக மடித்தாள். கோணலாக. அதை அப்படியே அவர் மேஜையில் வைத்தாள். ஸ்கேலின் விரல்கள் துடித்தன.

"நான் இன்னும் முடிக்கல" என்றாள் அண்ணி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இதுவரைக்கும் ரிலே பாத்தது என் பெட்டியிலேருந்து வந்த கரண்ட். அதைச் சரியாத்தான் பாக்குது. யார்டுலேருந்து வர்ற கரண்ட்டை எப்படிப் பாக்குதுன்னு இன்னும் நான் பாக்கலையே." சொல்லிக்கொண்டே தன் கம்பிகளைக் கழற்றி, ரிலேயைப் பழையபடி யார்டோடு சேர்த்தாள். "இப்ப ஊரோட சுமை முழுக்க இரண்டாம் லைன்லதான் வந்துக்கிட்டு இருக்கு. உள்ள வர்ற கரண்ட். இதுக்கு ரிலேயோட திசைக் காண்டாக்ட் பிரிஞ்சு நிக்கணும். சுமை கம்மியா இருக்கறதால துண்டிக்காது, ஆனா எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு கண்ணாடி வழியா தெரியும்."

கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை. ஏனென்றால் கண்ணாடியை மூடி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்த அறையில் எல்லா ரிலேக்கும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் பெயர் ஒட்டியிருந்தது. அதிகாரிகள் பார்வையிட வந்த சமயத்தில் ஸ்கேல் செய்த அலங்காரம்.

அண்ணி நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள்.

"மேடம், அதைக் கிழிக்காதீங்க! வரிசை போயிடும்!"

கிழித்தாள். பாதி வந்தது, பாதி பிசினாக ஒட்டிக்கொண்டது. புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துவிட்டு, குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக நாத்தனாரைப் பார்த்துப் பேசினாள்.

"இங்க வா. என்ன தெரியுதுன்னு நீயே சொல்லு."

சைரன் வந்து குனிந்தாள். உள்ளே இரண்டு சின்ன வெள்ளி முனைகள். மீட்டரை ஒரு தரம் பார்த்தாள். சுமை உள்ளேதான் வந்துகொண்டிருந்தது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். முனைகள் இரண்டும் முத்தம் கொடுக்கிற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

"மூடியிருக்கு! காண்டாக்ட் மூடியிருக்கு! உள்ள வர்றதைப் பாத்து வெளிய போகுதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு!"

யார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

ஸ்கேல் குனிந்து பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். பேனலின் பின்கதவைத் திறந்து ஒவ்வொரு கம்பியாக ஒப்பிட்டார். கம்பிகள் சீவி வாரிய தலைபோல அழகாக இருந்தன. "டிராயிங்படிதான் இருக்கு. ஒரு கம்பிகூட மாறல" என்றார். குரலில் நிஜமான குழப்பம்.

"டிராயிங்படிதான் இருக்கு சார். அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் அண்ணி.

வாசலில் ஒருவன் தொண்டையைக் கனைத்தான். வயர்மேன். சுவரோ சட்டமோ எதிலும் ஒட்டி ஏறுகிறவன் என்பதால் பல்லி என்று பெயர். நேற்றிலிருந்து சைரன் கண்ணில் படாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தான். அது ஏன் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"மேடம்... அந்த ரிலேக்கு வர்ற கம்பி மட்டும் முன்னாடி குறுக்கா போட்டிருந்துச்சு. டிராயிங்ல அப்படி இல்ல. விசிட் வருது, எல்லாத்தையும் டிராயிங்படி நேரா போடுன்னு சார் சொன்னாரு. போட்டேன்."

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. பல்லியை அழைத்துக்கொண்டு யார்டுக்குப் போனாள். இரண்டாம் லைனில் ஓடும் மின்சாரத்தை அளந்து ரிலேக்கு அனுப்புகிற கருவி உயரத்தில் நின்றது. அதன் பக்கத்தில் எந்தப் பக்கம் லைன், எந்தப் பக்கம் பஸ் என்று குறியிருக்கும். அது தலைகீழாக இருந்தது. என்றைக்கோ நிறுவியவர்கள் திருப்பி வைத்துப் போல்ட் போட்டிருக்கிறார்கள். தப்பு தெரிந்ததும், அவ்வளவு கனத்தை மறுபடி இறக்கி ஏற்றச் சோம்பல்பட்டு, பேனலில் கம்பியைக் குறுக்காகப் போட்டுச் சரிக்கட்டியிருக்கிறார்கள். வரைபடத்தில் அதை எழுதவில்லை. ஒரு தப்பும் இன்னொரு தப்பும் தோளில் கைபோட்டுக்கொண்டு இத்தனை காலம் ஊரைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. ஸ்கேல் ஒன்றை மட்டும் திருத்தினார். காவல்காரன் அன்றைக்கே வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டான். கிரேன் வரும்வரை யாருக்கும் தெரியவில்லை.

எல்லோரும் திரும்பி அறைக்குள் வந்தபோது ஸ்கேல் தெளிந்திருந்தார்.

"சரி, தெரிஞ்சுபோச்சு. வயர்மேன் கம்பியை மாத்தியிருக்கான். மாத்தினதும் சோதிச்சுப் பாக்கச் சொல்லல. வயர்மேன் தவறுன்னு எழுதிடுவோம்." சைரனைப் பார்த்துப் புன்னகைத்தார். "உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. நிம்மதியா லைனைப் பாருங்க."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது வீட்டுக்கு மட்டுமா? பல்லியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

சைரனுக்கு ஒரு மூச்சு நிம்மதியாக வந்தது. பொய் சொல்வானேன், வந்தது. நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அதோடு இந்தப் பல்லி, தன்னைக் கட்டி வைத்து அடிக்காத குறையாகக் கேள்வி கேட்டபோதெல்லாம் வாயே திறக்காமல் ஒளிந்து நின்றவன்தானே?

"நேத்துலேருந்து வாயில பூட்டா போட்டிருந்தே?" என்று அவன்மேல் பாய்ந்தாள்.

"பயமா இருந்துச்சு அக்கா."

"எனக்கு மட்டும் குளுகுளுன்னு இருந்துச்சாக்கும்!"

பாய்ந்துவிட்டு நேராகப் போனாள். மேஜை ஓரத்தில் இருந்த தனிப் போனை எடுத்தாள். அது மின் பகிர்வு மையத்தோடு பேசுகிற லைன். பழுதான லைனை மறுபடி ஏற்றுவதற்கு முன்னால், பழுது எதனால் வந்தது என்று ஷிஃப்டில் இருக்கிற ஆபரேட்டர் அதில் சொல்லியாக வேண்டும். அதில் பேசுவதெல்லாம் பதிவாகும். சுற்றியுள்ள எல்லா நிலையங்களும் கேட்கும்.

ஸ்கேல் எழுந்துவிட்டார். "குடுங்க, நான் பேசறேன்."

"ஷிஃப்ட் என்னுது சார்."

"இதையெல்லாம் அங்க சொல்லணும்னு அவசியம் இல்ல. எழுத்துல போகும்."

"நேத்து நான் திருப்பினேன்னு நீங்க இதே போன்லதானே சொன்னீங்க? போன வழியிலேயே திரும்பி வரட்டும்."

மறுமுனையில் குரல் வந்தது. சைரன் சொல்லத் தொடங்கினாள். நேற்று இரண்டாம் லைனைத் துண்டித்தது ஆபரேட்டர் இல்லை, ரிலே. ரிலே திசை மாறி நிற்கிறது. பேனலில் கம்பியை மாற்றியதால் அப்படி ஆனது. மாற்றிய பிறகு சோதிக்கவில்லை. இப்போது சரிசெய்து, சுமையோடு சோதித்துக் காட்டிய பிறகுதான் முதல் லைனை ஏற்றுவோம்.

"குறிச்சுக்கிட்டேன். கம்பியை மாத்தினது யாரு?" என்றது குரல்.

"மாத்தினது வயர்மேன். மாத்தச் சொன்னது..."

ஸ்கேல் குறுக்கே வந்து நின்றார். கையெடுத்துக் கும்பிடாத குறை. "மெதுவா... எல்லா ஸ்டேஷனும் கேக்கும்..." என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

"மேடம், கடைசியில சொன்னது கேக்கல" என்றது போன். "யாரு சொல்லி மாத்தினாங்க?"

பெயர் சைரனின் நாக்கு நுனியில் நின்றது. அவளையறியாமல் கண் அண்ணி பக்கம் போனது.

அண்ணி தரையில் உட்கார்ந்து சோதனைப் பெட்டியின் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"சத்தமா சொல்லு" என்றாள். "இது யார்டு, வீடு இல்ல."

சொன்னாள். வெளியே புல் வெட்டுகிற ஆள் மறுபடி நிமிர்ந்து பார்த்தார்.